இன்னும் ஒரு கொக்கி

“ஒரு நரம்புக்கு ரெண்டு பொய்மீன் போதும்மா. அதுக்கு மேல கட்டினா ஒண்ணோட ஒண்ணு பின்னிக்கும்” என்றான் அண்ணன்.

“பின்னினா பின்னட்டும். நீ கட்டு” என்றாள் தங்கை.

படகு இன்னும் துறையை விட்டே கிளம்பவில்லை, அதற்குள் இந்த வாக்குவாதம். வழக்கமாக நைலான் நரம்பின் நுனியில் ஈயக்குண்டு, அதன் பக்கத்தில் ஒரு பொய்மீன், மேலே ரப்பர் வளையம் போட்டு இன்னொன்று, அவ்வளவுதான். படகு மெல்லப் போகும்போது பின்னால் இழுபடும் அந்தத் தகரக் குஞ்சுகளை உயிருள்ளவை என்று நம்பிப் பெரிய மீன் வந்து கவ்வும். இவளோ ஒவ்வொரு நரம்பிலும் எட்டு கட்டச் சொல்கிறாள், எட்டிலும் மூன்று முனைக் கொக்கி. பிடிவாதத்தில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது.

இருந்த பொய்மீன் எல்லாம் தீர்ந்துபோனதும் அவள் பலகைக்கு அடியிலிருந்து ஒரு பச்சைப் பெட்டியை இழுத்தாள்.

“இது மாப்பிள்ளையோட பெட்டியாச்சே! யாரையும் தொட விடமாட்டாரே?”

“விடமாட்டாருதான். நான் எடுத்துட்டு வந்துட்டேன்.”

அண்ணன் பெட்டியைத் திறந்து கட்ட ஆரம்பித்தான்.

நாளை முதல் ஏரியை மூடுகிறார்கள். மீன் முட்டையிடும் காலம் என்று நாலு மாதத்துக்கு ஒரு படகும் இறங்கக் கூடாது. இன்றைக்கு விட்டால் விட்டதுதான்.

“கிடைக்கும்ல?” என்றாள்.

அக்கரையே கண்ணுக்குத் தெரியாத ஏரி அது. “இவ்ளோ பெரிய தண்ணியில...” என்று ஆரம்பித்தவன், அவள் முகத்தைப் பார்த்து மீதியை முழுங்கிக்கொண்டான். “பார்ப்போம்மா.”

இன்ஜின் தடதடத்தது. நான்கு நரம்புகளும் பின்னால் இறங்கின. “இன்னும் இறக்கு, இன்னும் இறக்கு” என்று அவள் விரட்ட, ஈயக்குண்டு அடிச்சேற்றில் தட்டும்வரை அவன் விட்டுக்கொண்டே இருந்தான். இழுத்துப் பார்த்தால் கொக்கிக்குக் கொக்கி பாசி. பிய்த்து எறிந்துவிட்டு மறுபடி இறக்கினார்கள். மறுபடியும் பாசிதான். அண்ணனுக்கு உள்ளங்கை தோலுரிந்துவிட்டது.

மதியத்துக்கு மேல் ஒரு நரம்பு வெடுக்கென்று இழுத்தது. கை நீளத்துக்கு ஒரு மீன், வெள்ளிபோல் துள்ளிக்கொண்டு மேலே வந்தது. வேறு நாளாக இருந்தால் கரையில் ஊரே கூடி வாயைப் பிளந்திருக்கும்.

“கழட்டி விட்ருண்ணா. சீக்கிரம் கொக்கிய இறக்கு” என்றாள் அவள்.

உல்லாசப் படகு ஒன்று பக்கத்தில் வந்தது. கறுப்புக் கண்ணாடிக்காரர் ஒருவர் எட்டிப் பார்த்து, “யப்பா, எத்தனை கொக்கி! ஏரியையே வழிச்சுத் துடைச்சிட்டுப் போற மாதிரி தெரியுதே! எங்களுக்கும் கொஞ்சம் மிச்சம் வைங்கப்பா!” என்று சிரித்தார். கூட இருந்தவர்களும் சிரித்தார்கள். அண்ணனுக்கு வந்த கோபத்தில் துடுப்பைத் தூக்கியிருப்பான். தங்கை அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அந்தச் சத்தம் கேட்டோ என்னவோ, மீன்துறை அதிகாரியின் படகும் வந்துவிட்டது. அவருக்குப் படகுத்துறையில் ‘கழுகு’ என்று பெயர். நரம்புக்கு ரெண்டு கொக்கிக்கு மேல் ஒன்று இருந்தாலும் போதும், சொந்த மச்சானுக்கே அபராதச் சீட்டு கிழித்துக் கொடுத்த மனுஷன்.

“எத்தனை கட்டியிருக்கே?”

“எண்ணலை சார்.”

கழுகு கொக்கிகளைப் பார்த்தார். பிறகு தங்கையைப் பார்த்தார். சீட்டுக் கட்டை எடுக்கவே இல்லை.

“பாறைப் பக்கம் போய்ப் பாரு. அன்னைக்குக் காத்து அந்தப் பக்கம்தான் அடிச்சுது” என்று மட்டும் சொல்லிவிட்டுப் படகைத் திருப்பிக்கொண்டார்.

பாறைப் பக்கம் போனார்கள். அங்கேயும் பாசிதான். வெயில் சாயத் தொடங்கியது. மற்ற படகுகளெல்லாம் ஒவ்வொன்றாகக் கரைக்குத் திரும்பிக்கொண்டிருந்தன. பெட்ரோல் டப்பாவை ஆட்டிப் பார்த்த அண்ணனுக்கு அழுகையே வந்துவிட்டது.

“போதும்மா. என்னால முடியல. நம்மால ஆனத பார்த்தாச்சு, வீட்டுக்குப் போயிடலாம்.”

“இன்னும் ஒரே ஒரு சுத்துண்ணா. உன் கால்ல விழறேன்.”

சுற்றினான். பாதிச் சுற்றில் வலது ஓரத்து நரம்பு முறுக்கேறி நின்றது. வெடுக்கென்ற இழுப்பு இல்லை, துள்ளல் இல்லை. படகே ஒரு பக்கம் சாய்ந்தது.

இன்ஜினை அணைத்துவிட்டு அவன் நரம்பைக் கையில் பிடித்தான். பிடித்த கை அப்படியே நின்றது.

“பாறையில மாட்டிக்கிச்சா?” என்றாள்.

“இல்ல. பாறைன்னா அசையாது. இது வருது.”

இரண்டு கையாலும் வேகவேகமாக இழுக்க ஆரம்பித்தான். அவள் தவழ்ந்து வந்து அவன் தோளைத் தொட்டாள்.

“மெதுவா இழுண்ணா... அவருக்கு வலிக்கும்.”