ஒரு தடவை சொன்னா போதாதா?

"ஒரு தடவை சொன்னா போதாதா, வெர்னா?"

கேட்டவர் மிஸ்டர் பெக், நூலகக் கம்ப்யூட்டர் பிரிவின் தலைவர். இந்தக் கேள்வியை ஒரு நாளைக்குப் பத்து முறையாவது யாரிடமாவது கேட்டுவிடுவார்.

புத்தக அட்டைகளைப் பார்த்துக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது வெர்னாவின் வேலை. டைப்பில் தப்பு வந்தால் நிறுத்து விசையை அழுத்துவார். அந்த அட்டை மட்டும் அழிந்து, புதிதாகத் தொடங்கலாம். மூன்று வருஷமாக அப்படித்தான். புது மெஷின் வந்த இந்த வாரம் மட்டும், இரண்டாவது தடவை அழுத்தியதும் புரோகிராமே செத்துப்போகிறது. காலையிலிருந்து ஏற்றிய இருநூறு அட்டையும் போயே போச்சு.

"விசையைப் போட்டுக் குத்துறீங்க. திங்கக்கிழமையிலேருந்து கீழ்த்தளத்துல பழைய பேப்பரை அடுக்குங்க."

வெர்னாவுக்கு ஆஸ்துமா. கீழ்த்தளத்துத் தூசியில் ஒரு மணி நேரம் தாங்க மாட்டார். கடித்த டோனட்டை அப்படியே வைத்துவிட்டார்.

அந்தப் புரோகிராமை எழுதிய ஆர்னி, கையில் ஒரு பழைய பிரின்ட் அவுட்டோடு வந்து நின்றான்.

"அவங்க மேல தப்பில்ல, மிஸ்டர் பெக். அந்த விசை ஒரு சிக்னல் அனுப்பும். பழைய மெஷினை ஓட்டுறதும் யூனிக்ஸ்ங்கற சிஸ்டம், புதுசை ஓட்டுறதும் யூனிக்ஸ்தான், ஆனா குணம் வேற. பழசு கலிஃபோர்னியா வளர்ப்பு. 'சிக்னல் வந்தா சாகாதே, இதைச் செய்'னு ஒரு தடவை சொன்னா எப்பவும் ஞாபகம் வெச்சுக்கும். புதுசு நம்ம நியூஜெர்சி. ஒரு தடவை கேக்கும், அதோட மறந்துடும். அடுத்த சிக்னலுக்குச் செத்துடும். ஒவ்வொரு தடவையும் திரும்பச் சொல்லணும்."

"அப்ப ஏன் சொல்லல?"

ஆர்னி கையிலிருந்த பிரின்ட் அவுட்டை மடித்துக்கொண்டான். "அந்த ஒரு வரி விட்டுப்போச்சு. இப்ப சேர்த்துட்டேன்."

பெக்கின் முகம் மலர்ந்துவிட்டது. கவனக்குறைவைப் பற்றிக் கால் மணி நேரம் பேசினார். தன் சிவப்புப் பென்சில் படாமல் எந்தப் புரோகிராமும் மெஷினில் ஏறுவதில்லை, அப்படியும் இது எப்படித் தப்பியது என்று வியந்தார். போகிற போக்கில் வெர்னாவை அங்கேயே இருக்கச் சொன்னார். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. அது அவருக்குப் பழக்கமில்லை.

"நிஜமாவே விட்டுட்டியா? நீ அப்படிப்பட்ட ஆளில்லையே," என்றார் வெர்னா.

"அவர் திட்டினா எனக்கு ஒண்ணும் ஆகாது. அவருக்கு அவமானமாப் போனா, உங்களுக்குக் கீழ்த்தளம்தான்."

வெர்னாவுக்குப் புரியவில்லை. ஆர்னி காபி எடுக்கப் போய்விட்டான்.

மேஜையில் அவன் மறந்து வைத்துவிட்டுப் போன பிரின்ட் அவுட்டைப் பிரித்துப் பார்த்தார். மார்ச் 1986 என்று தேதி. புது மெஷின் வர இரண்டு மாதம் முன்பு, அதற்காகவே ஆர்னி திருத்தி எழுதிய புரோகிராம். திரும்பச் சொல்லும் அந்த வரி அதில் இருந்தது. அதன் குறுக்கே சிவப்புப் பென்சிலில் ஒரு கோடு. ஓரத்தில் மிஸ்டர் பெக்கின் கையெழுத்து:

"இதை மேலேயே சொல்லியாச்சே. ஒரு தடவை சொன்னா போதாதா?"