மூன்றாவது பேட்ச்

சோதனைக்கு வந்த ஆய்வகத்து டிரைவர் அண்ணனின் முதுகில் ஒட்டியிருந்த மூன்று பேட்ச்களையும் எடுப்பதற்கு முன், ஆய்வாளரான அவள் அவரிடம் கேட்டாள்.

“இந்த ரெண்டு நாள்ல எங்கயாவது அரிச்சுதாண்ணே?”

“துளிகூட இல்லம்மா.”

அவள் முகம் வாடிவிட்டது.

“நல்ல சேதிதானே? ஏன் பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?”

அவள் கையுறையை மாட்டிக்கொண்டாள். தோல் வழியாக மருந்து செலுத்தும் புது பாலிமர் பேட்ச் அது. தோலுக்குக் கெடுதல் செய்யாது என்று இன்று நிரூபித்தாக வேண்டும். ஏற்கெனவே இரண்டு சோதனைகள் வீண். இதுவும் வீணானால் திட்டத்தையே மூடிவிடுவார்கள்.

முதல் பேட்சை உரித்தாள். தோல் சுத்தமாக இருந்தது. இரண்டாவதிலும் ஒன்றுமில்லை. மூன்றாவதை உரித்தபோது, காசு அளவுக்குச் சிவந்திருந்தது. அவள் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

“சிவந்திருக்கா?” அண்ணன் குரல் இறங்கிவிட்டது. “மன்னிச்சுக்கம்மா. நேத்துலேர்ந்து அரிப்பு உயிரை எடுக்குது. சொன்னா உன் உழைப்பெல்லாம் போயிடுமேன்னு வாயைத் திறக்கல.”

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

“அதுல வெச்சது சோப்புத் தண்ணிண்ணே. சிவக்கணும்னேதான் வெச்சேன். எதுல வெச்சிருக்குன்னு உங்ககிட்ட முன்னாடியே சொல்லக் கூடாது. அதுக்கே உங்க தோல் சிவக்கலைன்னா, பாலிமர் வெச்ச மத்த ரெண்டும் நல்லதுன்னு யார் நம்புவாங்க?”

அண்ணன் பெருமூச்சு விட்டார்.

“அப்ப, இனிமே சொறிஞ்சுக்கலாமா?”