பச்சையான கோடு

வகுப்பறைத் திரையில், வரிசைப்படுத்திக் காட்டுவதற்காக, நெட்டையும் குட்டையுமாகக் கோடுகள் நின்றிருந்தன. சிவப்பு வெளிச்சம் இடப்பக்கமிருந்து கிளம்பி, பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இருவரை அளக்கும். நெட்டையானவர் வலப்பக்கம் நகர வேண்டும்.

நெட்டையனும் குட்டையனும் அருகருகே நின்று ஓயாமல் வம்பளப்பவர்கள். வெளிச்சம் அவர்கள்மேல் விழுந்தது.

"கடைசிவரைக்கும் போயிடாதீங்கண்ணே. அங்க பச்சையா நிக்கிறவர் நகர்ந்து நான் பார்த்ததில்ல."

"எட்டிப் பார்த்துட்டு வந்துடறேன்டா, பொடியா."

ஒவ்வொருவராகத் தாண்டத் தாண்ட நெட்டையனுக்குப் பெருமை தாங்கவில்லை. பச்சையரை ஒட்டி நின்றதும் அவனும் பச்சையானான். பிள்ளைகள் கைதட்டினார்கள்.

வெளிச்சம் மறுபடி கிளம்பியது. அதோடு குட்டையனிடம் திரும்பிவிடலாமென்று நெட்டையன் காத்திருந்தான். அது அவனுக்கு ஓர் இடம் முன்னாலேயே நின்றுவிட்டது.

"இங்க, இங்க!" என்று கூப்பிட்டான்.

"கத்தாதே தம்பி," என்றார் பச்சையர். "சரியான இடத்துக்கு வந்துட்டவங்கள அது தொடாது."