பச்சை மையில் ஒரு ஏழு

செய்தித்தாளுக்கு மேலே கண்ணை மட்டும் வைத்துக்கொண்டு மால்கம் அந்தப் பெண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். மாடி பஸ்ஸின் மேல்தளத்தில் அவள் முதல் வரிசை, அவர் கடைசி வரிசை. பதினாறு வயது, காதில் பெரிய ஹெட்போன்.

அவருக்கு முன் சீட்டில் சூப்பர்மார்க்கெட் சீருடையில் இருந்த பெண்மணி வெடுக்கென்று திரும்பினாள்.

“மூணு நாளா பாக்கறேன். அந்தப் பொண்ணு ஏறுற எடத்துல ஏறுறீங்க, எறங்குற எடத்துல எறங்குறீங்க. என்ன வேணும் ஒங்களுக்கு? போலீஸக் கூப்பிடட்டுமா?”

“தாராளமா கூப்பிடுங்க,” என்றார் மால்கம். “அவ என் பொண்ணு.”

“பொண்ணுன்னா பக்கத்துல போய் ஒக்கார வேண்டியதுதான?”

“கூடாது. இது மூணாவது வாரம். மூணாவது வாரம் நான் கடைசி சீட்டு.”

அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவர்கள் இறங்கும் வரை போனைக் கையிலேயே வைத்திருந்தாள்.

மகள் ஹாரியட்டுக்கு ஆட்டிசம். செப்டம்பரில் ஹடர்ஸ்ஃபீல்டு ஊரில், பிளஸ் டூவுக்கு ஈடான சிக்ஸ்த் ஃபார்ம் கல்லூரியில் சேரப் போகிறாள். போக வர டாக்ஸியும் கூடவே ஒரு துணையாளும் தருகிறோம் என்றார்கள் உள்ளாட்சி கவுன்சில்காரர்கள்.

“பஸ்ல போறேன். தனியா,” என்றாள் ஹாரியட். அதற்கப்புறம் யார் அந்தப் பேச்சை எடுத்தாலும் அவள் வாயே திறக்கவில்லை.

மால்கம் அவள் கட்சி. பெண்ணைப் பார்சல் மாதிரி அனுப்பி வாங்க அவருக்குச் சம்மதமில்லை. கவுன்சிலுக்குக் காரசாரமாக மூன்று கடிதம் எழுதிப் போட்டார். கடைசியில் பள்ளி ஆசிரியை ஒரு வழி சொன்னார்: ஆகஸ்ட் முழுக்க ஒத்திகை.

அதற்கு ஒரு தாளும் போட்டுக் கொடுத்தார். அப்பா பக்கத்து சீட், அப்பா இரண்டு வரிசை பின்னால், அப்பா கடைசி வரிசை, அப்பா வீட்டில் என்று வாரத்துக்கு ஒரு வரி. எதிரே நாளுக்கொரு கட்டம்: ‘பயம், பத்துக்கு எத்தனை?’ மூன்றாம் வாரக் கடைசிக்குள் அந்த எண் இரண்டுக்கு இறங்கினால் பஸ், இல்லாவிட்டால் டாக்ஸி. தாள் ஃபிரிட்ஜில் ஒட்டப்பட்டது. ஹாரியட் ஒரு நாள் தவறாமல் பச்சை மையில் கட்டத்தை நிரப்பினாள்.

முதல் நாள் எட்டு. அப்புறம் ஏழு, ஆறு. இரண்டாம் வாரக் கடைசியில் நாலு வந்தபோது மால்கம் சமையலறையில் விசிலடித்தார்.

இந்தச் செவ்வாய்க்கிழமைதான் வினை வந்தது. சாலையைத் தோண்டிப் போட்டிருந்ததால் பஸ் ஏதோ தெரியாத தெருவுக்குள் திரும்பியது. மால்கம் படியில் தடுக்கிக்கொண்டு இறங்கி, “எங்க போறீங்க? எங்க போறீங்க?” என்று டிரைவரைப் பிடித்துக்கொண்டார். திரும்பி மேலே வந்தபோது ஹாரியட் போனில் வரைபடத்தைத் திறந்து வைத்துக்கொண்டு சிப்ஸ் தின்றுகொண்டிருந்தாள்.

“சுத்திப் போகுது. நாலு நிமிஷம் லேட்டு. போய் ஒக்காரு,” என்றாள்.

அன்று சாயங்காலம் ஃபிரிட்ஜில் ஒன்பது.

மால்கமுக்கு மனசே விட்டுப்போயிற்று. வெளியே காட்டிக்கொள்ளாமல் பிள்ளை உள்ளுக்குள் என்ன பாடு பட்டிருக்கிறாள். அப்படி மறைப்பார்கள் என்று ஆட்டிசம் கையேட்டில் கூடப் போட்டிருந்தது. பிஸ்கட்டைத் தேநீரில் முக்கியவர், அது கரைந்து விழும் வரை எடுக்க மறந்து உட்கார்ந்திருந்தார்.

இன்று வெள்ளி. கல்லூரியில் முடிவு சொல்லும் கூட்டம். பஸ்ஸை விட்டு இறங்கியதும் ஹாரியட் பையிலிருந்து அந்தத் தாளை எடுத்து, வாசல் சுவரில் வைத்து இன்றைய கட்டத்தை நிரப்பினாள். ஏழு. அந்தச் சீருடைக்காரியின் சத்தம் ஹெட்போனையும் தாண்டிப் போயிருக்கிறது என்று மால்கம் பல்லைக் கடித்தார்.

கல்லூரியில் இந்த உதவிகளைக் கவனிக்கும் டெனிஸ், தாளில் விரலை வைத்து மேலிருந்து கீழே வந்தாள்.

“மூணாவது வாரத்துலயும் ஏழுன்னா கஷ்டம், மால்கம். டாக்ஸிக்கே எழுதிரலாம்.” படிவத்தை அவர் பக்கம் தள்ளினாள். “இங்க ஒரு கையெழுத்து.”

சண்டை போடத்தான் வந்திருந்தார் மால்கம். யாரோடு போடுவது? எண்ணை எழுதியது அவருடைய பெண்ணேதான். கவுன்சிலை மூன்று கடிதத்தில் வறுத்தெடுத்த கை, இப்போது பேனாவை எடுத்துக் கையெழுத்துக் கோட்டுக்கு மேலே கொண்டுபோயிற்று.

ஹாரியட் படிவத்தின் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தினாள்.

“போடாதப்பா. நான் பஸ்லதான் வருவேன்.”

“கண்ணு, இது நீயே எழுதின நம்பர்தான?” என்றாள் டெனிஸ்.

“ஆமா. ஒண்ணுகூடத் தப்பில்ல. மொத நாள் எட்டு. ரோடு மாறின அன்னிக்கு ஒம்பது. இன்னிக்கு அந்தப் பொம்பள போலீஸ்னு சொன்னதுல ஏழு.”

“இவ்வளவு பயத்த வச்சுக்கிட்டு எப்படிம்மா தனியா வருவ?”

ஹாரியட் யார் முகத்தையும் பார்க்கவில்லை. அப்பாவின் கையிலிருந்த பேனாவைப் பிடுங்கி, மூடியைப் போட்டு மேஜையில் வைத்தாள்.

“என் பயம் எவ்வளவுன்னு யாருமே கேக்கல. இது பூரா அப்பாவோடது.”