முப்பத்தொன்றும் முப்பத்திரண்டும்

"இதுல என்னால கையெழுத்துப் போட முடியாது, பாப்பா."

பேனாவை மூடி மேசைமேல் வைத்தார் டிரைவர். பஸ் ஓட்டுவதை விட்டு ஐந்து வருடம் ஆகியும் அந்தக் குடியிருப்பில் அவருக்கு அதுதான் பெயர்.

ஆராய்ச்சி மாணவி தாளைத் திருப்பிப் பார்த்தாள். 'எனக்குக் கொடுத்த மாத்திரையை மட்டுமே சாப்பிட்டேன்' என்று ஒரே ஒரு வரி.

மூட்டு வலிக்குப் புது மாத்திரை. ஐம்பத்தெட்டுப் பேர். பாதிப் பேருக்கு மருந்து. மீதிப் பேருக்கு அதே நிறத்தில், அதே அளவில் வெறும் மாவு. யாருக்கு எது என்று குலுக்கிப் போட்டு, அந்தப் பட்டியலைப் பேராசிரியை பூட்டி வைத்திருந்தார். சாப்பிடுகிறவர்களுக்கும் தெரியாது, கொண்டுவந்து கொடுக்கிற அவளுக்கும் தெரியாது. வாராவாரம் ஒவ்வொருவரும் தன் வலி எவ்வளவு என்று தாளில் எழுதி, கவரில் ஒட்டிக் கொடுக்க வேண்டும்; அதைப் பிரிப்பது பேராசிரியை மட்டும்தான். நாலு மாதம் முடிந்து, இதுதான் கடைசி வீடு. புருஷனுடைய பாட்டில் எண் முப்பத்தொன்று, மனைவியுடையது முப்பத்திரண்டு.

"ஏன் அங்கிள்? நடுவுல ஏதாவது விட்டுப்போச்சா?"

டிரைவர் சமையலறைப் பக்கம் எட்டிப் பார்த்தார். மனைவி டீ ஆற்றும் சத்தம் கேட்டது. குரலைத் தாழ்த்தினார்.

"முதல் மாசமே எனக்கு வலி பாதியா குறைஞ்சுபோச்சு. அவளுக்கு ஒரு துளிகூடக் குறையல. எனக்கு விழுந்தது மருந்து, அவளுக்கு விழுந்தது மாவுன்னு புரிஞ்சுபோச்சு. அப்புறம் ஒவ்வொரு மாசமும் நீ புது பாட்டில் கொடுத்துட்டுப் போனதும், என்னோடதை அவ பாட்டில்ல கொட்டிட்டு, அவளோடதை நான் எடுத்துக்கிட்டேன். மூணு மாசமா."

மாணவிக்கு இது இரண்டு வருட உழைப்பு. ஏற்கனவே ஆறு பேர் பாதியில் நழுவிவிட்டார்கள். இன்னும் இரண்டு பேர் போனால்கூட ஆய்வு தேறாது என்று பேராசிரியை போன வாரம்தான் சொல்லியிருந்தார்.

"படிச்சுப் படிச்சு சொன்னேனே, அங்கிள்."

"சொன்னே. நானும் தலையாட்டினேன். தப்புதான்." அவர் தன் முழங்காலைத் தடவிக்கொண்டார். "நான் முப்பது வருஷம் உட்கார்ந்தே சம்பாதிச்சவன். அவ துணிக்கடையில நின்னே சம்பாதிச்சவ. தினம் பத்து மணி நேரம். ஒரு ஸ்டூல்கூடப் போட மாட்டாங்க. உன் குலுக்கலுக்கு அதெல்லாம் தெரியுமா?"

அவள் தாளைத் திரும்ப மேசைமேல் வைத்தாள்.

"இப்ப அவகிட்ட கேட்டுப் பாரு. வலி போன இடம் தெரியலைங்கறா."

"உங்களுக்கு?"

"அதுதான் அதிசயம். திரும்ப வரவே இல்லை. என் உடம்புக்கு ஒரு மாசம் சாப்பிட்டதே போதும்போல." சிரித்தார். "பொய்க் கையெழுத்துப் போட்டா உன் படிப்பே பொய்யாயிடும். அதான் சொல்லிட்டேன். அவ காதுக்கு மட்டும் போகக்கூடாது. தெரிஞ்சா என்னை வீட்டுக்குள்ளேயே சேர்க்க மாட்டா."

கோபப்பட வேண்டிய நேரம்தான். அவளுக்குக் கோபம் வரவில்லை. தாளின் ஓரத்தில் '31, 32 – மாற்றிச் சாப்பிட்டுவிட்டார்கள்' என்று எழுதினாள். அந்த அம்மா கொண்டுவந்து வைத்த டீயை ருசி தெரியாமல் குடித்தாள். சொல்லிக்கொண்டு கிளம்பினாள்.

ஒரு மாடி இறங்கியிருப்பாள்.

"கண்ணு, கொஞ்சம் நில்லு."

டிரைவரின் மனைவி கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் ஊன்றி ஊன்றி இறங்கி வந்தாள். நெற்றியெல்லாம் வியர்வை.

"கூப்பிட்டிருந்தா நானே மேல வந்திருப்பேனே, ஆன்ட்டி."

"பரவாயில்லை. பாட்டிலை மாத்தினதைச் சொல்லிட்டாரா?"

மாணவி இரண்டு படி மேலேறி வந்தாள். "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"கதவிடுக்குல பார்த்துட்டேன். அவருக்குத் திருட்டுத்தனம் எங்க வரும்? நாலு மாத்திரையைக் கீழ உருட்டிவிட்டுட்டு, கட்டிலுக்கு அடியில தேடிக்கிட்டிருந்தார். அவர் நடக்கப் போனதும் நான் திரும்ப மாத்தி வெச்சுட்டேன். மூணு மாசமும் இதே வேலைதான். இப்பத்தான் அந்த மனுஷன் வலியில்லாம தூங்கறார். அதைப் பிடுங்க எனக்கு மனசு வருமா?"

அப்படியென்றால் அவரவர் மாத்திரையை அவரவர்தான் சாப்பிட்டிருக்கிறார்கள். மாணவிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வந்த வேகத்தில் இன்னொரு பயமும் கூடவே வந்தது.

"இதை மேடம்கிட்ட அப்படியே எழுதிக் கொடுக்கணும், ஆன்ட்டி."

"எழுதிக்கோ. அவர்கிட்ட மட்டும் வாயைத் திறக்காதே."

"ஆனா உங்களுக்கு வலி போன இடம் தெரியலைன்னு அவர் சொன்னாரே. தாள்லயும் அப்படியே எழுதிட்டீங்களா?"

"அது அவருக்காகச் சொன்னது," என்றபடி அவள் மெல்லத் திரும்பி முதல் படியில் காலை வைத்தாள். "நீ வாராவாரம் கவர்ல ஒட்டி வாங்கிட்டுப் போனியே, அதுல உண்மையைத்தான் எழுதியிருக்கேன், கண்ணு."