பஞ்சாபகேசனின் கூஜா

பித்தளைக் கூஜாவின் மூடியைத் திருகித் திறந்தார் பஞ்சாபகேசன். நகரசபை மேஜைமேல் வரிசையாக வைத்திருந்த தம்ளர்களில் கையை உயரத் தூக்கி ஊற்றினார். ஒரு சொட்டு வெளியே சிந்தவில்லை.

"எங்காத்துக் கிணத்து ஜலமாக்கும். முதல்லே குடிச்சுப் பாருங்கோ. வாதமெல்லாம் பின்னாடி வச்சுக்கலாம்."

திருவனந்தபுரத்தில் குழாய்த் தண்ணீர் வந்த புதிது. குழாய் போகிற தெருக்களில் இருந்த வீடுகளுக்கெல்லாம், தண்ணீர் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும், வரி போட்டிருந்தார்கள். அதை ரத்து செய்யச் சொல்லித் தீர்மானம் கொண்டுவந்தவர்தான் கோட்டைக்குள் அக்கிரகாரத்து மெம்பரான பஞ்சாபகேசன்.

"குழாய்க்குள்ளே தோல் வாஷர் போட்டிருக்கான். தோலிலே பட்டுண்டு வர ஜலம் எங்காத்து அடுக்களைப் படி ஏறாது. ஏறாத ஜலத்துக்கு நாங்க எதுக்கு வரி கட்டணும்?"

சேர்மன் சத்தியநேசன் இரணியல் பக்கத்துக்காரர். குழாய் போடும் வேலையை வெயிலில் கூடவே நின்று முடித்தவர். அவருக்கு அது பெற்ற பிள்ளை மாதிரி.

"வரி போச்சுன்னா ஒரு தெருக்குழாயகூட நடத்த முடியாது, சாமி. எல்லாத்தையும் பூட்டணும். யோசிச்சுப் பேசும்" என்றார்.

"பூட்டுங்கோ. புண்ணியமாப் போகும்."

சாலைக் கடைவீதி மெம்பர் ராஜையன் எழுந்தார். "கிணறு இல்லாதவன் எங்க போவான்? அதையும் சொல்லும்."

"வெட்டிக்கட்டும். தோண்டினா ஜலம் வராத ஊரா இது?" பஞ்சாபகேசனுக்குக் குரல் ஏறியது. "இந்த ஜலத்தோட குணம் உங்களுக்குத் தெரியாது. என் ஆத்துக்காரி வாலாம்பாள், கல்யாணமாகி வந்த நாள்லேர்ந்து கிணத்திலே இறைக்கறா. போன வருஷம் வரைக்கும் தோள்வலின்னு ராப்பகலாப் புலம்பிண்டிருந்தா. இப்போ அந்தப் பேச்சே இல்லை. எல்லாம் எங்க கிணத்து மகிமை."

மெம்பர்கள் ஒவ்வொருவராகத் தம்ளரை எடுத்தார்கள். எதிர்த்துப் பேசிய ராஜையனே குடித்துவிட்டு, "கொள்ளாம், நல்லாத்தான் இருக்கு" என்று தாடையைத் தடவிக்கொண்டார்.

கடைசியாகக் குடித்தவர் சேர்மன். ஒரு மடக்கு குடித்துக் கண்ணை மூடினார். பிறகு தம்ளரை நீட்டி இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கினார்.

"கல்கண்டு மாதிரில்லா இருக்கு. நம்ம குழாயில ஒருநாளும் இப்பிடி வந்ததில்ல."

ஓட்டெடுத்தார்கள். இரண்டு பக்கமும் சமமாக வந்து நின்றது. முடிவு சேர்மன் கைக்குப் போய்விட்டது. சத்தியநேசன் காலித் தம்ளரை மேஜைமேல் வைத்தார்.

"நாக்குக்குத் தெரிஞ்சத வாய் மறைக்கக்கூடாது" என்றார் சேர்மன், பிள்ளையைத் தத்துக் கொடுக்கிற குரலில். "மண்ணுக்குள்ள இப்பிடித் தண்ணி கெடக்குத ஊருக்கு நம்ம குழாய் எதுக்கு? வரி ரத்து."

பஞ்சாபகேசன் எழுந்து கைகூப்பினார். "ஒரு விண்ணப்பம். பூட்டறதை எங்க தெருக்கோடிக் குழாய்லேர்ந்தே ஆரம்பிக்கணும்."

சத்தியநேசன் எதையும் நாளைக்குத் தள்ளிவைக்கிறவர் இல்லை. ஓவர்சியர் அப்போதே சாவிக்கொத்தோடு சைக்கிளில் கிளம்பினார்.

சபை கலைந்ததும் சேர்மன் தயங்கித் தயங்கி வந்தார். "சாமி, நம்ம வீட்டுல அவளுக்கும் அந்தத் தண்ணியில ஒரு குடம் வேணும். தருவேரா?"

"என்ன கேள்வி இது? இப்பவே வாங்கோ."

சேர்மனுடைய காரில் பஞ்சாபகேசன் மாப்பிள்ளை மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்து போனார். பழவங்காடியில் இறங்கிக் கணபதிக்குத் தேங்காய் உடைத்தார். அதுவரைக்கும் சேர்மன் புதுக் குடத்தை மடியில் வைத்துக்கொண்டு வண்டியிலேயே காத்திருந்தார்.

அக்கிரகாரத்தில் கார் நின்றதும் அக்கம்பக்கத்து வாசல்களிலெல்லாம் தலைகள் முளைத்தன. பஞ்சாபகேசன் தெருவுக்கே கேட்கிற மாதிரி குரல் கொடுத்தார்.

"வாலாம்பா, யார் வந்திருக்கா பாரு. நம்மாத்து ஜலத்தைக் குடிச்சுட்டுத்தான் சேர்மன் வரியையே எடுத்தார். காலம்பற கூஜாவிலே குடுத்தயே, அதே ஜலத்திலே ஒரு குடம் நிறைச்சுக் கொண்டா."

வாலாம்பாள் கதவோரம் வந்து நின்றாள். சேர்மன் நீட்டிய குடத்தைப் பார்த்தாள். கணவரைப் பார்த்தாள். வாங்கிக்கொள்ளக் கை நீட்டவில்லை.

"ஏன்னா, அந்த ஜலத்துக்கு இனிமே நான் எங்கே போவேன்? தெருக்கோடிக் குழாயை இப்போத்தானே வந்து பூட்டிட்டுப் போனான்."