இரண்டாவது சத்தம்

"இருபத்திரண்டு வருஷமா டயர் மாட்டினவரு. அவர் கையில தண்ணி பைப்பைக் குடுத்து கார் கழுவச் சொல்லியிருக்கீங்க. காரணம் வேணும். எழுத்துல வேணும்."

மேஜையைத் தட்டித்தான் சொன்னேன். ஃபோர்மேன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"காரணம்னு ஒண்ணும் இல்லைங்க தோழர். அங்க ஆள் தேவைப்பட்டுச்சு, மாத்தினேன்."

"நினைச்ச இடத்துக்கு நகர்த்திப் போட அவர் என்ன நாற்காலியா?"

அறை வாசலில் நின்ற பதினான்கு தொழிலாளர்களும் சிரித்தார்கள். காலையிலிருந்து அவர்கள் யாரும் ஒரு ஸ்பேனரைக்கூடத் தொடவில்லை. தொடாதே என்று சொன்னவன் நான், அவர்களுடைய சங்கத் தலைவன்.

எத்தனையோ ஃபோர்மேன்களைப் பார்த்தாயிற்று. தொழிலாளியாக இருந்து மேலே போனவன்தான் தொழிலாளியை முதலில் மிதிப்பான். இதைத் துண்டறிக்கையில் படித்திருக்கிறேன், எழுதியிருக்கிறேன், முதுகில் வாங்கியும் இருக்கிறேன்.

கார் கழுவ மாற்றப்பட்டவர் பட்டறையில் எல்லோருக்கும் டயர் அண்ணன். இன்று வேலை செய்தவர் அவர் ஒருவர்தான். கண்ணாடித் தடுப்புக்கு அப்பால், முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ் போட்டு, யாரையும் பார்க்காமல் ஒரு காரின் வயிற்றில் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார். அவமானம் மனிதனை இப்படித்தான் ஒடுங்க வைக்கும் என்று எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

"அவர் ஏதாவது தப்பு பண்ணினாரா?"

"இல்ல."

"அப்ப அதை எழுதிக் குடுங்க."

"அதுவும் எழுத மாட்டேன்."

"சரி. நான் முதலாளியையே பாத்துக்கறேன். இதோ மனு. சாயங்காலத்துக்குள்ள விசாரணை வைக்கட்டும். உங்களையும் அவரையும் எதிரெதிரே நிக்க வெச்சு ஒவ்வொண்ணா கேக்கட்டும்."

அப்போதுதான் ஃபோர்மேன் எழுந்தார். போய்க் கதவைச் சாத்தினார்.

வெளியே யாரோ, "தோழருக்கு உள்ள தனி உபசாரம்டா" என்றது கேட்டது.

"டயரை ரிம்முல ஏத்திக் காத்து அடிக்கறப்ப ரெண்டு சத்தம் வரும், தெரியுமா தோழர்?"

"பாடம் கேக்க நான் வரலை."

"ஒரு பக்கம் டயர் விளிம்பு ரிம்முல பொருந்தி உட்கார்ந்தா ஒரு டப். மறுபக்கம் உட்கார்ந்தா இன்னொரு டப். ரெண்டாவது சத்தம் வந்ததும் காத்தை நிறுத்திடணும். நாப்பது பவுண்டு அழுத்தத்துக்குள்ள அந்தச் சத்தம் வரலைன்னா காத்தை இறக்கிட்டு, சோப்புத் தண்ணி தடவி முதல்ல இருந்து ஆரம்பிக்கணும். வரட்டும் வரட்டும்னு அடிச்சுக்கிட்டே போனா டயர் வெடிக்கும். குனிஞ்சு நிக்கறவனுக்கு முகம் மிஞ்சாது."

"அதுக்குத்தான் மீட்டர் இருக்கே."

"இருக்கு. பழகின கை மீட்டரைப் பாக்காது. காதைத்தான் நம்பும்."

குரலைத் தாழ்த்தினார்.

"முந்தாநாள் அண்ணன் காத்து அடிச்சாரு. ரெண்டு சத்தமும் வந்துடுச்சு. இங்க உக்காந்திருக்கற எனக்கே கேட்டுச்சு. அவரு நிறுத்தலை. டயர் மேல குனிஞ்சு, இன்னும் வரலையேன்னு காத்திருக்காரு. நான் ஓடிப்போய்ப் பைப்பைப் பிடுங்கினப்ப மீட்டர் அறுபத்தஞ்சுல நிக்குது."

கண்ணாடித் தடுப்புப் பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

"அப்ப அவருக்கு..."

"போயிட்டு இருக்கு, ரெண்டு காதும். வாயசைவைப் பாத்துத்தான் பதில் சொல்றாரு. அடுத்த வாரம் டயர் பிரிவுக்கு மருத்துவப் பரிசோதனை. காது கேக்கலைன்னா அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. கழுவற பிரிவுக்குப் பரிசோதனை கிடையாது."

"உங்களுக்குத் தெரியும்னு அவருக்குத் தெரியுமா?"

"தெரியாது. மாத்தினதுக்கு என்னை வாய்க்கு வந்தபடி திட்டிட்டுப் போனாரு. திட்டட்டும். இரக்கப்பட்டு மாத்தினேன்னு தெரிஞ்சா அவரே வேலையை விட்டுடுவாரு."

"அந்த விதியே அநியாயம்" என்றேன். எனக்கு வேறு என்ன சொல்ல வரும்?

"அநியாயம்தான். போராடுங்க, நானும் வந்து நிக்கறேன். ஆனா அவர் பேரை வெச்சு வேண்டாம். காரணம் எழுதினாலும் அவர் போயிடுவாரு. விசாரணை வெச்சாலும் முதல் கேள்வியிலேயே மாட்டிக்குவாரு."

மனுவை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். கதவைத் திறந்தேன்.

"என்ன தோழர், எழுதிக் குடுத்தாரா?"

"இல்ல. மாத்தினது சரிதான். எல்லாரும் வேலைக்குப் போங்க."

யாரும் நகரவில்லை. வீல் அலைன்மென்ட் பார்க்கும் பெரியவர் மட்டும் முன்னால் வந்தார். என்னோடு கொடி பிடித்தவர், என்னோடு இரண்டு தடவை சிறைக்கு வந்தவர்.

"உள்ள போறப்ப என்ன ஆவேசமா போனீங்க. அவரு கதவைச் சாத்தினாரு. பத்து நிமிஷம்தான். என்ன குடுத்தாரு தோழர்?"

என் கை எந்த முதலாளியிடமும் நீண்டதில்லை. அதை என் எதிரிகளே ஒப்புக்கொள்வார்கள். இன்று இந்தப் பெரியவரே அதைக் கேட்டுவிட்டார்.

அதற்குள் பின்னாலிருந்து ஒருவன் கழுவுமிடத்தைப் பார்த்துக் கத்தினான்: "டயர் அண்ணே, உங்க தலைவரையே விலைக்கு வாங்கிட்டாங்க, பாத்தீங்களா?"

எங்களுக்கு முதுகு காட்டி நின்றவர் திரும்பவில்லை.

"அண்ணே, உங்களைத்தான்."

அவர் தண்ணீர் அடித்துக்கொண்டே இருந்தார். ஒவ்வொரு தலையாக அவர் பக்கம் திரும்பியது. பெரியவர் நெற்றியைச் சுருக்கினார்.

"ஆமா, பணம் வாங்கிக்கிட்டேன்" என்றேன், எல்லோருக்கும் கேட்கும்படி.

பதினான்கு முகங்களும் என் பக்கம் திரும்பின.